பச்சையும் செத்தலும்

இஞ்சி காய்ந்தால் அதனைக் காய்ந்த இஞ்சி என்று நாம் சொல்வதில்லை, சுக்கு என்கின்றோம். மீன் உலர்ந்தால் கருவாடு. தேங்காய் உலர்ந்தால் கொப்பரை. பனங்கிழங்கு உலர்ந்தால் ஒடியல். ஆங்கிலம் போன்ற மொழிகளிலே 'உலர்ந்த' என்னும் அடைமொழி ஒன்றைச் சேர்ப்பதோடு பெரும்பாலும் முடிந்துவிடும் செய்தி இது. உலர்ந்த தேங்காய்ப் பருப்புக்குத் தனிப்பெயர் ஒன்று வேண்டியபோது, மலையாளக் கரையிலே வழங்கிய கொப்பரை என்னும் சொல்லையே போர்த்துக்கேயர் வழியாக ஆங்கிலேயர் பெற்றுக்கொண்டனர்.

இவ்வாறு பெயர்கள் வேறுபடுவது வெறும் சொல்வளத்தின் அடையாளம் அன்று. பச்சைப் பொருளும் உலர்ந்த பொருளும் இரு வேறு பொருள்கள் என்பதை அடுப்பங்கரையிலே பழகிய மக்கள் கண்டறிந்து, அக்காட்சிக்குப் பெயரிட்டு வைத்தனர். இன்றோ, சமையற் புத்தகங்களைப் புரட்டினால், பச்சைக்குப் பதிலாக உலர்ந்ததை இடுவதற்கு எளிய கணக்கு ஒன்று தரப்பட்டிருக்கக் காண்கிறோம். ஒரு மேசைக்கரண்டி பச்சிலைக்கு ஒரு தேக்கரண்டி உலர்ந்த இலை. அதாவது மூன்றுக்கு ஒன்று. இக்கணக்கு எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே இப்பேச்சின் நோக்கமாகும்.

உலர்ந்த உணவுப் பொருள்களை மூன்று வகையாகப் பகுத்துக் காணலாம். நீரை மட்டும் இழந்தவை ஒரு வகை. நீரோடு மணத்தையும் இழந்தவை மற்றொரு வகை. உலர்ந்தமையால் முன்பு இல்லாத புதியதொரு குணத்தைப் பெற்றவை மூன்றாம் வகை. மூன்றுக்கும் ஒரே கணக்கைப் போடுவதனாலேயே கறி கெடுகின்றது. சில காலங்களிலே குடும்பமும் இடர்ப்படுகின்றது.

முதல் வகைக்குச் சிறந்த சான்று பால். பதின்மூன்றாம் நூற்றாண்டிலே ஆசியாக் கண்டத்தின் குறுக்கே பயணஞ்செய்த மார்க்கோ போலோ, மங்கோலியக் குதிரைவீரர் பாலைக் காய்ச்சி, மேலே திரளும் கொழுப்பை நீக்கி, எஞ்சியதை வெயிலில் உலர்த்திக் கட்டியாக்கி எடுத்துச் சென்ற செய்தியைக் குறித்து வைத்துள்ளார். போருக்குச் செல்லும் வீரன் பத்து றாத்தல் உலர்பால் கொண்டு செல்வான். விடியற்காலையிலே அதில் அரை றாத்தலைத் தோற்பையில் இட்டு நீர் ஊற்றிக் கொள்வான். குதிரை ஓட ஓடப் பையிலுள்ளது குலுங்கிக் கரையும். உணவு வேளைக்கு அது பாகுபோல ஆகிவிடும். உலர்ந்த பொருளை மீண்டும் உண்பொருளாக மாற்றுவதற்கான அளவு இவ்வளவு தெளிவாகக் கூறப்பட்ட பழைய குறிப்புகளுள் இஃது ஒன்று. அவ்வளவுதான் அவ்வீரனின் சமையல். ஆயினும், அடுப்பு மூட்டாது பல நாள் பயணஞ்செய்யக்கூடிய படை ஒன்று உருவாவதற்கு அது துணை நின்றது.

இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய அரசாங்கமும் இதையொத்த கணக்கொன்றைத் தன் மக்களுக்குக் கற்பித்தது. முட்டை அரிதாகிவிட்ட காலம் அது. 1942ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவிலிருந்து வந்த முட்டைத்தூள் பங்கீட்டு முறையில் வழங்கப்பட்டது. ஒரு பொதி பன்னிரண்டு முட்டைகளுக்குச் சமம். தட்டையாக நிரப்பிய ஒரு மேசைக்கரண்டித் தூளுடன் இரண்டு மேசைக்கரண்டி நீர் சேர்த்தால் ஒரு முட்டை. பணியாரத்துக்கும் களிக்கும் இக்கணக்குப் பொருந்திற்று. அவித்த முட்டை வேண்டும் என்று கேட்ட குழந்தைக்கு மட்டும் எந்தக் கணக்கும் விடை தரவில்லை. நீரை மீட்டுக் கொடுக்கலாம். வடிவத்தை மீட்டுக் கொடுத்தல் இயலாது.

நம் நாட்டிலே இவ்வகைக்குரிய பொருள் பால்மா. பசுப்பாலில் நூற்றுக்கு எண்பத்தேழு பங்கு நீர். ஆதலின் ஒரு லீற்றர் பாலில் உள்ள திண்பொருள் ஏறத்தாழ 130 கிராம். அவ்வளவு முழு ஆடைப் பால்மாவை நீரிலே கரைத்தால் ஒரு லீற்றர் பாலுக்கு அண்ணளவாகச் சமமாகும். இங்கே கணக்குச் செல்லும். ஆனால், உலர்ந்ததையே இயல்பானதென்று கொண்டு பச்சையை மறந்துவிடும் சமுதாயத்துக்கு நேரக்கூடிய இடரையும் இப்பொருளே காட்டிற்று. வெளிநாட்டுச் செலாவணி அருகிய 2021, 2022ஆம் ஆண்டுகளிலே இலங்கை மக்கள் பால்மாவுக்காகக் கடைவாயில்களில் வரிசையாக நின்றனர். மாற்றாக வந்த பொருளே மூலப்பொருளாகி, அதற்கும் மாற்றுத் தேட நேர்ந்த காலம் அது.

இனி இரண்டாம் வகைக்கு வருவோம். மூன்றுக்கு ஒன்று என்னும் விதி ஐரோப்பியச் சமையலறையிலே பிறந்தது. மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த வறண்ட குன்றுகளிலே வளரும் ஓரிகானோ, தைம், ரோஸ்மேரி போன்ற செடிகளின் இலைகள் தடித்தவை அல்லது சிறுத்தவை. வெயிலைத் தாங்கும் பொருட்டு மணநெய்யை உறுதியாகப் பற்றி வைத்திருப்பவை. அவை உலரும்போது நீர் போகும். மணத்திற் பெரும்பகுதி நிற்கும். ஆகவே உலர்ந்ததில் சிறிதளவு இட்டாற் போதும். அந்த நிலத்துக்கு அந்த விதி பொருத்தமானதே.

அதே விதியை நம் கறிவேப்பிலைக்குப் பொருத்தினால் என்ன ஆகும்? கறிவேப்பிலை மெல்லிய இலை. அதன் மணம் எளிதிலே காற்றோடு கலப்பது. வெயிலிற் காய்ந்த கறிவேப்பிலையைக் கையில் எடுத்து நுகர்ந்து பாருங்கள். பச்சையின் மணத்தில் ஒரு சிறு பங்கும் எஞ்சியிராது. ஆகவே உலர்ந்ததைக் குறைத்து இடுவதற்கு மாறாகக் கூட்டியே இடவேண்டும். கூட்டினாலும் தாளிதத்திலே பச்சை இலை வெடித்துப் பரப்பும் மணம் கிடைப்பதில்லை. மல்லியிலையும் அத்தகையதே. மல்லி விதை அதற்கு மாற்றாகுமோ எனின், ஆகாது. விதையும் இலையும் ஒரே செடியினுடையன எனினும் மணத்தால் வேறானவை. வெளிநாடுகளிலே வாழும் நம்மவர் உலர்ந்த கறிவேப்பிலையைப் பயன்படுத்துவதிலும், பச்சை இலையைக் குளிரூட்டியில் உறையவைத்து எடுத்தாள்வதையே சிறப்பாகக் கருதுவதற்குக் காரணம் இதுவாகும்.

மூன்றாம் வகையே வரலாற்றுக்கு மிக வளம் தருவது. உலர்தலாற் புதிய குணம் பெற்ற பொருள்கள் இவை. இஞ்சியையே எடுத்துக்கொள்வோம். பச்சை இஞ்சிக்கு உறைப்பைத் தருவது யிஞ்சரோல் என்னும் பொருள். இஞ்சி உலரும்போது யிஞ்சரோலில் ஒரு பகுதி தன்னுள்ளிருந்தும் நீரின் கூறொன்றை இழந்து ஷோகாவோல் என்னும் வேறொரு பொருளாக மாறுகிறது. யப்பானிய மொழியில் இஞ்சிக்கு வழங்கும் ஷோகா என்னும் பெயரிலிருந்து அப்பெயர் வந்தது. இப்புதிய பொருள் முன்னையதைவிட உறைப்பு மிக்கது. பச்சை இஞ்சியின் எலுமிச்சை போன்ற இளமணம் குறைந்து, அடித்தொண்டையிலே நின்று எரியும் காரம் பிறக்கின்றது. சுக்குக் கோப்பிக்கு இஞ்சியை எத்தனை மடங்கு இட்டாலும் அது சுக்குக் கோப்பியாகாமைக்கு இதுவே காரணம். சுக்கு, மிளகு, திப்பிலி என்னும் மூன்றையும் திரிகடுகம் என ஒன்றாக எண்ணிய நம் வைத்திய மரபு, பச்சை இஞ்சியை அக்கூட்டிலே சேர்க்கவில்லை. அப்பெயரைத் தாங்கிய நீதிநூல் ஒன்று பதினெண்கீழ்க்கணக்கிலே இடம்பெறுமளவுக்கு அக்கூட்டுப் புகழ்பெற்றிருந்தது. சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு என்னும் பழமொழியும், சுக்கின் தோலைச் சீவியே பயன்படுத்த வேண்டும் என்னும் அறிவை நமக்குக் கடத்தி வந்தது.

சுக்கும் மிளகும் உலர்ந்தமையாலேயே கடல் கடந்தன. பழந்தமிழிலே கறி என்ற சொல் மிளகைக் குறித்தது. காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களிலே குவிந்திருந்த பண்டங்களைக் கூறும் பட்டினப்பாலை, கருங்கறி மூடைகளையும் ஈழத்திலிருந்து வந்த உணவுப் பொருள்களையும் ஒருங்கே குறிப்பிடுகின்றது. மிளகுக் கொடியிலே காய் பச்சையாக நிற்கும்போதே கொய்து வெயிலிற் பரப்பினால், தோலிலுள்ள நொதியங்களின் செயலால் அது கறுக்கின்றது. ஏறத்தாழ மூன்று கிலோகிராம் பச்சை மிளகு உலர்ந்து ஒரு கிலோகிராம் கருமிளகு ஆகின்றது. பழுத்தபின் கொய்து, நீரில் ஊறவைத்துத் தோலைக் கழற்றினால் அதுவே வெண்மிளகு. கி. மு. 1213இல் இறந்த எகிப்திய மன்னன் இரண்டாம் இராம்சேசின் பாடஞ்செய்த உடலிலே, மூக்கினுள் மிளகுமணிகள் இருக்கக் கண்டனர் ஆராய்ச்சியாளர். செங்கடற் கரையிலுள்ள பெரெனிக்கே என்னும் பழந்துறையிலே, இந்தியச் சாடி ஒன்றினுள் ஏழரைக் கிலோகிராம் கருமிளகு கிடைத்தது. பச்சை மிளகு அவ்வளவு தூரம் செல்லுமுன் அழுகியிருக்கும்.

ஆயின், உலர்ந்த பொருளை மட்டுமே கண்டவர் அதன் பிறப்பை அறியார். கி. பி. 79இல் இறந்த உரோம அறிஞர் பிளினி, உரோமச் சந்தையிலே கருமிளகு ஒரு றாத்தல் நான்கு தெனாரியம், வெண்மிளகு ஏழு தெனாரியம், திப்பிலி பதினைந்து தெனாரியம் என்று விலைகளைத் துல்லியமாகக் குறித்தார். எனினும், அம்மூன்றும் ஒரே செடியின் வெவ்வேறு பருவங்கள் என எண்ணினார். கருமிளகும் வெண்மிளகும் ஒரு கொடியின என்பது மெய்; திப்பிலி வேறு கொடி. இஞ்சி அராபியாவிலும் அதன் அண்டை நாட்டிலும் விளைவதென்றும் அவர் எழுதினார். வணிகர் கை மாறி வந்த வற்றிய வேரிலே அதன் ஊர் எழுதப்பட்டிருக்கவில்லை. பெயரோவெனின் தன் ஊரை மறக்கவில்லை. கிரேக்கரும் உரோமரும் வழங்கிய சிங்கிபெரி என்னும் பெயரின் அடியிலே நம் இஞ்சி வேர் ஒளிந்திருக்கின்றது என்று மொழியறிஞர் பலர் கருதுவர்.

சுக்கு எங்கும் கிடைத்த காலத்திலும் பச்சை இஞ்சியை வேண்டியவர் இருந்தனர் என்பதற்கும் சான்று உண்டு. பதினான்காம் நூற்றாண்டிலே கள்ளிக்கோட்டைத் துறையில் நின்ற சீனக் கப்பல்களை வருணித்த மொறோக்கோ நாட்டுப் பயணி இபுன் பத்தூத்தா, மாலுமிகள் மரத்தொட்டிகளிலே கீரையும் காய்கறியும் இஞ்சியும் பயிரிட்டனர் என்கிறார். சுக்கை மூட்டையிலே ஏற்றிச் செல்லக்கூடிய கப்பலிலே இஞ்சிக்கெனத் தொட்டியும் மண்ணும் வைத்தனர் எனின், ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது என்பதை அம்மாலுமிகளும் உணர்ந்திருந்தனர் என்று கொள்ளலாம்.

அவரே 1343, 1344ஆம் ஆண்டுகளிலே மாலைதீவில் வாழ்ந்தவர். அங்கே மீனைத் துண்டாக்கி, சிறிது வேகவைத்து, ஓலைக் கூடைகளில் இட்டுப் புகையூட்டி உலர்த்தி, இந்தியாவுக்கும் சீனாவுக்கும் யெமனுக்கும் ஏற்றுமதி செய்தனர் என்று எழுதியுள்ளார். அது நாம் மாசி என்று கூறும் பொருளே. மாசியைப் பச்சை மீனுக்கு மாற்றாக எவரும் கொள்வதில்லை. ஒரு துண்டு மாசியை இடித்துச் சம்பலிலே சேர்ப்பது மீன் உண்பதற்காக அன்று, சம்பலுக்குச் சுவையூட்டுவதற்காக. இதே சூரை மீனை யப்பானியர் அவித்துப் புகையூட்டி மரக்கட்டைபோல உலர்த்தி, சீவிச் சாறு வடிப்பர். அச்சுவையின் காரணத்தை ஆராய்ந்த அந்நாட்டு அறிஞர்களுள் கிக்குனே இக்கெடா 1908இல் கடற்பாசியிலிருந்து குளூட்டமேற்று என்னும் பொருளையும், அவருடைய மாணவர் சிந்தாரோ கொடாமா 1913இல் உலர்ந்த சூரையிலிருந்து இனோசினேற்று என்னும் பொருளையும் பிரித்துக் காட்டினர். நம் தாய்மார் அம்மியிலே கண்டதை அவர்கள் ஆய்வுகூடத்திலே கண்டனர்.

நம் பனையோ இவ்வகைப் பாடம் முழுவதையும் ஒரு பாத்தியிலேயே கற்பிக்கின்றது. பாத்தியிலிருந்து கிண்டிய கிழங்கை அவித்து உண்டால் பனங்கிழங்கு. பச்சையாகவே பிளந்து வெயிலில் உலர்த்தினால் ஒடியல். அவித்தபின் உலர்த்தினால் புழுக்கொடியல். பச்சரிசிக்கும் புழுங்கலரிசிக்கும் உள்ள வேறுபாடு போன்றது இது. ஒடியல் மாவிலே மாப்பொருள் வேகாமல் இருக்கின்றது. ஆதலால் அதனை நீரில் ஊறவிட்டு வடித்துக் கைப்பை நீக்கிக் கூழுக்கு இட்டால், கூழ் கொதிக்கும்போது வெந்து தடிக்கின்றது. புழுக்கொடியலிலே அது முன்னரே வெந்துவிட்டது. அதனை அப்படியே கடித்துண்ணலாம், இடித்துச் சீனியும் தேங்காய்ப்பூவும் சேர்த்தும் உண்ணலாம். கூழுக்கு அது உதவாது. நிறத்தாலும் வடிவாலும் ஒத்த இரண்டு உலர்பொருள்களே ஒன்றுக்கொன்று மாற்றாகாதபோது, பச்சைக்கும் உலர்ந்ததற்கும் பொதுக்கணக்கு எங்ஙனம் அமையும்?

மூன்று வகைகளின் எல்லையிலும் நிற்பது மிளகாய். இஃது அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1492இல் கொலம்பசு அங்கே சென்றபின், பதினாறாம் நூற்றாண்டிலே போர்த்துக்கேயர் வழியாக நம் பகுதிகளுக்கு வந்தது. மிளகைப் போல் உறைத்தமையால் தமிழர் அதனை மிளகாய் என்றனர். கிழக்கிலங்கையிலே வழங்கும் கொச்சிக்காய் என்னும் பெயர் கொச்சித் துறைமுகத்தை நினைவூட்டுகின்றது. சுக்கு முளைக்காது, உலர்ந்த மிளகாயோ தன் விதையையும் உடன்கொண்டு செல்லும். எங்கே உலர்பொருளாகச் சென்றதோ அங்கே பயிராகவும் நின்றது. ஆதலாலன்றோ சில நூற்றாண்டுகளுள் ஆசியா முழுவதும் அது பரவிற்று.

யாழ்ப்பாணத்தார் உலர்ந்த மிளகாயைச் செத்தல் என்பர். ஏறத்தாழ நான்கு கிலோகிராம் பழுத்த மிளகாய் உலர்ந்து ஒரு கிலோகிராம் செத்தலாகும். தோசைக்குப் பச்சைமிளகாய்ச் சம்பலும் உண்டு, செத்தல் மிளகாய்ச் சம்பலும் உண்டு. இரண்டையும் அருகருகே வைப்போமேயன்றி ஒன்று இருப்பதனால் மற்றது வேண்டாம் என்பதில்லை. பச்சையில் இலைமணம், செத்தலில் வறுத்த மணமும் நிறமும். உறைப்புக்கு ஒன்று மற்றொன்றுக்கு உதவலாம். மணத்துக்கும் நிறத்துக்கும் உதவாது.

செத்தலின் வரலாறு உழவர் முற்றத்திலும் எழுதப்பட்டது. 1970ஆம் ஆண்டுக்குப் பின்னர் செத்தல் மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரரும் வன்னிக் கமக்காரரும் அவற்றைப் பெருமளவிற் பயிரிட்டு நிமிர்ந்தனர். பழுத்த மிளகாயை அன்றே விற்றாக வேண்டும். உலர்த்திச் சாக்கில் இட்டாலோ விலை வரும்வரை காத்திருக்கலாம். உலர்த்தும் முற்றம் அக்காலத்து ஏழை உழவனின் வங்கியாக இருந்தது. 1977இன் பின் இறக்குமதி திறந்துவிடப்பட்டபோது விலை வீழ்ந்தது, அவ்வங்கியும் வறண்டது. கடையிலே தூளாக வாங்கும் நாம் இம்மாற்றத்தை நாவால் உணரவில்லை. அவ்வுழவர்கள் வாழ்வால் உணர்ந்தனர்.

உலர்ந்த பொருளைப் பற்றிய அறிவு பஞ்ச காலத்திலே உயிர் காக்கும் அறிவாகும். 1942இலே பர்மா யப்பானியர் வசமாகி அங்கிருந்து அரிசி வருவது நின்றபோது, இலங்கை அரிசிப் பங்கீட்டுக்கு உட்பட்டது. 1990இன் பின் வந்த போர் ஆண்டுகளிலே வடக்கே பண்டங்கள் செல்லும் வழிகள் பலமுறை அடைபட்டன. அத்தகைய காலங்களிலே பரணில் இருந்த ஒடியலும் கருவாடும் வற்றலும் பொன்னினும் பெரிதாயின. ஆயினும், பரணில் ஒடியல் இருந்தாற் போதாது. அதன் மாவை எத்தனை முறை நீர் மாற்றி ஊறவிட வேண்டும், எவ்வளவு நீருக்கு எத்தனை பிடி இடவேண்டும் என்று அறிந்த கை ஒன்றும் வீட்டில் இருத்தல் வேண்டும். அக்கை இல்லாத வீட்டிலே உணவு இருந்தும் பசி இருந்தது.

பள்ளிக்கூடங்களிலே வரலாறு கற்பிக்கும் நாங்கள் மன்னர்களின் ஆண்டுகளையும் போர்களின் பெயர்களையும் மாணவருக்குச் சொல்லிக் கொடுக்கின்றோம். ஒடியலுக்கும் புழுக்கொடியலுக்கும் உள்ள வேறுபாட்டைக் கேட்டால், நகரத்து மாணவருட் பலர் விழிக்கின்றனர். அவர்களைக் குறைகூறிப் பயனில்லை. அவ்வறிவை எந்தப் பாடநூலும் தாங்கியிருக்கவில்லை. பாட்டியின் கையிலிருந்து தாயின் கைக்கும், தாயின் கையிலிருந்து மகளின் கைக்கும் அது சென்றது. ஒரு தலைமுறை இடம்பெயர்ந்தாலோ, ஒரு தலைமுறை கடைத்தூளோடு அமைந்தாலோ, அச்சங்கிலி அறுந்துவிடும்.

ஆதலின், நேயர்களே, பச்சைக்குப் பதில் உலர்ந்ததையோ உலர்ந்ததற்குப் பதில் பச்சையையோ இடநேரும்போது கரண்டியை எடுக்குமுன் ஒரு வினாவைக் கேட்டுக்கொள்ளுங்கள். இப்பொருள் உலரும்போது இழந்தது என்ன, பெற்றது என்ன? நீரை மட்டும் இழந்ததாயின் நீரை அளந்து கொடுங்கள். மணத்தை இழந்ததாயின் கூட்டி இடுங்கள்; கூடுமானால் பச்சைக்கே காத்திருங்கள். புதிய குணம் பெற்றதாயின் அதனை மாற்றுப் பொருளென எண்ணாது, தனிப்பொருளாகவே மதித்து அதற்குரிய கறியிலே இடுங்கள். உங்கள் வீட்டிலே முதியவர் ஒருவர் இருப்பாராயின், அவர் கூழுக்கு இடும் ஒடியல் மா எத்தனை பிடி, ஊறவிடும் நாழிகை எவ்வளவு என்று இன்றே கேட்டு, ஒரு கொப்பியிலே அவர் பெயரோடும் தேதியோடும் எழுதி வையுங்கள். அப்படி எழுதப்படும் ஒவ்வொரு கொப்பியும் நம் மக்களின் வரலாற்றிலே இதுவரை எழுதப்படாதிருந்த ஒரு பக்கமாகும்.